வரவேண்டிய அடி

நஞ்சைக்கோட்டில் காயம் முதலிலும் அடி பிறகும் வர ஆரம்பித்த வருஷம் மஞ்சள் அமோக விளைச்சல். மாசி மாதத்தில் ஒரு காலை, ஏல மைதானத்தில் மூட்டைகளிலிருந்து அவிழ்த்துக் கொட்டிய மஞ்சள், நீண்ட விரலி ஒரு பக்கமும் உருண்ட கிழங்கு ஒரு பக்கமுமாகக் குவியல் குவியலாக வெயிலில் கிடந்தபோது, மண்டிக்காரர் சென்னியப்பன் ஒரு விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எட்டும் தூரத்தில் ஓர் ஆள் கிடையாது. அப்படியிருக்க அவருடைய நடுமண்டை தானாகத் திறந்துகொண்டு, ரத்தம் நெற்றியில் இறங்கி, மூக்கில் இரண்டாகப் பிரிந்து, தாடையில் மறுபடி ஒன்றாகி, மஞ்சள் மேல் சொட்டியது. வேர்வை என்று நினைத்துத் துண்டால் துடைத்தவர், துண்டைப் பார்த்த பிறகுதான் கீழே உட்கார்ந்தார்.

"ஏனுங், எனக்கு என்னமோ ஆயிப்போச்சுங்களே. ஆனா துளிகூட வலிக்கலீங்" என்றார்.

டாக்டர் தையல் போட்டார், தையல் நிற்கவில்லை. மருந்து வைத்தார், அது ஆறவும் இல்லை, சீழ் வைக்கவும் இல்லை. அந்த நிமிஷம்தான் பட்டதுபோலச் செக்கச்செவேல் என்று ஈரமாகவே கிடந்தது. சென்னியப்பனும் எத்தனை நாள்தான் வீட்டில் கிடப்பார்? தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வழக்கம்போல மண்டிக்கு வந்தார், வழக்கம்போலக் கூலியைக் குறைத்தார், வழக்கம்போல வாய்க்கு வந்தபடி ஏசினார். மார்ச் இருபதாம் தேதி அவர் மூட்டை தூக்கும் மாரப்பனின் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொல்ல, மாரப்பன் கையிலிருந்த இரும்புக் கொக்கியை ஓங்கி அவருடைய நடுமண்டையில் இறக்கினான். அவரவர் செருப்புக்குள் அவரவர் கால் போவதுபோலக் கொக்கி அந்தக் காயத்துக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை, அதெல்லாம் முன்னமே வந்து முடிந்திருந்தது. வலிதான் வந்தது, அத்தனை நாளும் வராமல் எங்கேயோ சேர்ந்து கிடந்த வலி எல்லாம் மொத்தமாக வந்தது. அவர் போட்ட கூச்சலில் ஏலம் நின்றது, லாரி ஷெட்டுக்கு அப்பால் பள்ளிக்கூடத்தில் பிரேயரும் நின்றது. மறுநாள் விடிந்தபோது காயம் உலர்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "காயம் மாசியில, அடி பங்குனியில. அடிச்சதால வந்த காயம்னு நான் எப்படிய்யா எழுதறது?" என்று மாரப்பனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஊரில் அதுவே வழக்கமாகிப்போனது. கலாமணி டீச்சர் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருக்கும்போதே உதடு கிழிந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கடைசிப் பெயர் வரைக்கும் "உள்ளேன் டீச்சர்" சொல்லி முடித்துவிட்டுத்தான் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். டீக்கடை அர்ச்சுனனுக்குப் பாலை ஆற்றிக்கொண்டிருந்த கையோடு விலா கறுத்து வீங்கியது. மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் முதுகையும் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் நர்ஸ், பெயர், வயது, அடி வந்துருச்சா இனிமேத்தானா என்று வரிசையாகக் கேட்கப் பழகினார். ரேஷன் கடையில் காயத்தோடு வந்தவர்களை முன்னால் விட்டார்கள், அவர்களும் நன்றி சொல்லிவிட்டு, நன்றி சொன்ன வாயோடு வரிசையில் நின்ற அத்தனை பேருடைய கைகளையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். கொடுமை அதுதான். அடிப்பது யார் என்று யாருக்கும் தெரியாது, அடிக்கப்போகிறவனுக்கே தெரியாது. அன்றைக்குக் காலையில்தான் அவனுக்கே கோபம் வரும். தோளில் வெட்டுக்காயத்தோடு எழுந்த பெண் பக்கத்தில் படுத்திருந்த புருஷனைப் பார்த்தாள், அவன் "சத்தியமா நானில்ல" என்று அழுதான், ஆனாலும் அன்றிலிருந்து வீட்டில் அரிவாளை எடுத்துப் பரணில் வைத்தார்கள்.

கொஞ்ச நாளில் ஊர் இன்னொன்றும் கற்றுக்கொண்டது. அடி விழுந்தால்தான் காயம் ஆறும் என்று தெரிந்த பிறகு, அடிப்பவனுக்கு வெட்கம் விட்டுப்போனது. "நானும் அடிக்காம உட்டா அந்தக் காயம் எப்பிடீங் ஆறும்? பாவம் பாத்துத்தான் வெட்டுனேன்" என்று வரப்புத் தகராறில் தம்பியின் முழங்கையை வெட்டிய அண்ணன் சொன்னான், சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஓர் இளந்தாரி, வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவன், நெஞ்சில் கத்திக்குத்தோடு சாய்ந்து செத்தான். இருபதாம் தேதி அவனுடைய உயிர்ச் சிநேகிதன் அழுதுகொண்டே கத்தியை எடுத்துப்போய்ச் சுடுகாட்டில் சாம்பலைக் குத்தினான். சாம்பலுக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது, வெட்டியானுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது.

எந்த மாதமாக இருந்தாலும் அடி இருபதாம் தேதியில்தான் விழுகிறது என்பதை முதலில் கவனித்தவர் மஞ்சள் வியாபாரி நல்லசிவம். கவனிக்காமல் என்ன செய்வார், அவருடைய பிழைப்பே இருபதாம் தேதியில்தான் இருந்தது. மஞ்சளுக்கு ஏலத்தில் இன்றைக்கு ஒரு விலை உண்டு. ஆகஸ்ட் இருபதாம் தேதி சரக்குக் கொடுக்கிறேன் என்று இன்றைக்கே கம்ப்யூட்டரில் பேசி முடிக்கிற முன்பேர விலை இன்னொன்று உண்டு, அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். நல்லசிவம் இங்கே வாங்கி, வாங்கின அதே மூச்சில் அங்கே விற்று, சரக்கைக் குடோனில் அடுக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு தூங்கப் போய்விடுவார். விலை ஏறினாலும் அவருக்கு ஒன்றுதான், இறங்கினாலும் ஒன்றுதான்; கடைசி நாளான இருபதாம் தேதியில் இரண்டு விலையும் ஒன்றோடொன்று வந்து ஒட்டிக்கொள்ளும், ஆரம்பத்தில் இருந்த இடைவெளி அவருக்குச் சோறு. ஊரெல்லாம் விலை விழுந்து வயிற்றில் அடித்துக்கொண்ட வருஷத்திலும் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோடும் சண்டை கிடையாது, யார் மேலும் கோபம் கிடையாது, அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு வழக்கம் மட்டும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து வியாபாரிகள் பலரையும்போல நல்லசிவம் ஏலத்தில் வாங்குவதைத் தன் பெயரிலும், முன்பேரத்தில் விற்பதை மனைவி சம்பூர்ணத்தின் பெயரிலும் வைத்திருந்தார். ஆடிட்டர் சொன்ன யோசனை. சம்பூர்ணம் அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பொரியல் அடிப்பிடிப்பதற்குள் திரும்பிப் போவார். என்ன ஏது என்று கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டார், நல்லசிவம் சொன்ன விளக்கத்தில் பொரியல் தீய்ந்துபோனதுதான் மிச்சம்.

வைகாசி பிறந்ததும் டீக்கடை அர்ச்சுனன் விலாவைப் பிடித்துக்கொண்டு நல்லசிவத்திடம் வந்தான்.

"அண்ணா, அடி விழுந்தாக்கூட தாங்கிக்குவனுங். இந்தக் காத்துக்கெடக்கறது இருக்குது பாருங், அதுதான் முடியல. டீ வாங்கக் கை நீட்டறவன் ஒவ்வொருத்தனையும் இவன்தானா இவன்தானான்னு பாக்கறனுங். நேத்து என்ற மாமனாரு முதுகுல தட்டுனதுக்கு அவரத் தள்ளி உட்டுட்டேன்."

நல்லசிவம் அவனை உட்காரவைத்து யோசித்தார். காயம் இன்றைக்கு, வலி இருபதாம் தேதிக்கு. இரண்டும் ஒரே சரக்குதான், நாள்தான் வேறு. இன்றைக்கே ஒரு சின்ன அடியை வாங்கி இதை முடித்துவிட்டால் என்ன? மண்டியில் வேலை போய் நின்ற மாரப்பனைக் கூப்பிட்டார். அவன் மலைபோல இருந்தாலும் பச்சைப்பிள்ளைக்குத் தலைதுவட்டுவதுபோல மெதுவாக அடிக்கவும் தெரிந்தவன். விறகுக் கட்டையால் அர்ச்சுனனின் விலாவில் ஒரு தட்டுத் தட்டினான். ஒன்றும் ஆகவில்லை, கறுப்பு அப்படியே இருந்தது. நல்லசிவம் தாடையைத் தடவினார். ஒரு பக்கம் வாங்கியாயிற்று, மறுபக்கத்தை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டாமா? அந்த நேரம் பார்த்துச் சம்பூர்ணம் காபியோடு வந்தார்.

"சம்பூர்ணம், நான் சொல்றத ஒருக்கா அப்பிடியே சொல்லு. வர்ற அடிய ஆகஸ்ட் இருபதுல நான் எடுத்துக்கறேன்."

"எதுக்குங்?"

"சும்மா சொல்லு அம்மிணி. வழக்கமாப் போடற கையெழுத்து மாதிரித்தான்."

"வர்ற அடிய ஆகஸ்ட் இருபதுல நான் எடுத்துக்கறேன்" என்று சம்பூர்ணம் சொல்லிவிட்டு, காபி ஆறிவிடும் என்றும் சொன்னார்.

மாரப்பன் மறுபடி தட்டினான். அர்ச்சுனன் "ஸ்" என்றான், முழங்கை இடித்துக்கொண்டால் எவ்வளவு வலிக்குமோ அவ்வளவுதான் வலி. மறுநாள் வீக்கம் வடிந்துவிட்டது. மே இருபதாம் தேதி அவனுடைய பங்காளி ஒருவன் உலக்கையைத் தூக்கிக்கொண்டு கடை வரைக்கும் ஆவேசமாக வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் விழித்து, உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ சொல்லிக் குடித்துவிட்டுப் போனான்.

அப்புறம் கேட்க வேண்டுமா! காயத்தோடு எழுந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நல்லசிவம் வீட்டுக்கு வந்தான். கூலி காயத்துக்கு ஒரு மூட்டை விரலி என்று ஊரே பேசி வைத்துக்கொண்டது. கலாமணி டீச்சர் வந்தார், கழுத்தில் கயிறு இறுக்கிய தடத்தோடு ஒரு புது மணப்பெண் வந்தாள், கண்ணோரம் கிழிந்தவர், முட்டி பெயர்ந்தவர், முதுகில் சூடு விழுந்தவர், தொடையில் குத்தூசி பாய்ந்த, மண்டியில் எடைபோடுகிறவர் என்று வாசலில் எந்நேரமும் ஆள். மாரப்பன் தட்டுவான், வந்தவர் "ஸ்" என்பார், சம்பூர்ணம் அந்த வாக்கியத்தைச் சொல்லுவார். வெங்காயம் அரிந்துகொண்டே சொல்லுவார், துணி உலர்த்திக்கொண்டே சொல்லுவார், கடைசியில் ஊரில் யார் அவரைப் பார்த்தாலும் வணக்கம்போல அதைச் சொல்லிவிடுவார் என்று கேலி பேசுகிற அளவுக்குப் போனது. ஊர் அமைதியானது. குடோன் நிரம்பியது. நல்லசிவம் அத்தனை மஞ்சளையும் வழக்கம்போல ஆகஸ்ட் விலைக்குப் பேசி விற்றுவைத்தார், கோயில் நோம்பியில் அவருக்குத் தலைப்பாகை கட்டி மரியாதை செய்தார்கள்.

ஒருநாள் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சம்பூர்ணம் கேட்டார்.

"ஏனுங், அந்தப் பொண்ணு கழுத்துல வரவேண்டிய வலி அத்தன இருக்குமே. மாரப்பன் கொடுத்தது எறும்புக் கடியாட்ட. மிச்சம் எங்கீங் போச்சு?"

"அதெல்லாம் காத்துல கெடக்கும்."

"காத்துலயேவா?"

"ஆகஸ்ட்டுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்குது சம்பூர்ணம். அதுக்குள்ள இந்தக் கெரகமெல்லாம் தானா நின்னுரும்."

அவருக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். மஞ்சளில் அவர் விற்றதற்கு ஈடாகக் குடோனில் சரக்கு இருந்தது, அதனால்தான் தூக்கம் வந்தது. இந்த அடி வியாபாரத்தில் குடோனில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அவருக்கு எழுந்தது, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போதும் பல் விளக்கும்போதும் எழுந்தது. எழுந்தபோதெல்லாம் அவர் சட்டையைக் கழற்றித் தன் உடம்பைக் கண்ணாடியில் பார்த்தார், கீறல் இல்லை, நிம்மதியாக இருந்துவிட்டார். தன் உடம்பை மட்டும்தான் பார்த்தார்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வாசல் தெளித்துக் கோலம் போடப் போன சம்பூர்ணம் வெகுநேரம் உள்ளே வராததைக் கண்டு நல்லசிவம் வெளியே வந்தார். சம்பூர்ணம் பாதிக் கோலத்தில் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து தொங்கியது. கண்ணோரம் திறந்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கயிற்றுத் தடம் கருநீலமாக ஓடியது. சேலை முழுக்க உள்ளிருந்து நனைந்து, இடுப்பிலும் தொடையிலும் முதுகிலும் சிவப்பு பரவி, கோலமாவில் இறங்கி, புள்ளிகளை ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தது. வலி இல்லாததால் அவர் அழவில்லை. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது டீச்சரம்மாவோடதுங்" என்றார் உதட்டைத் தொட்டு. "இது அந்தப் புதுப்பொண்ணோடது. இது அர்ச்சுனனோட விலா. எடைபோடற அண்ணனோட தொடை. எல்லாத்தையும் எனக்கு அடையாளம் தெரியுதுங், வாசல்ல நின்னு பாத்தவதானே." பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டார்.

நல்லசிவம் தலையில் அடித்துக்கொண்டு கதறினார். குடோனில் இருந்தது சம்பூர்ணம்தான்.

மாரப்பனைக் கூப்பிட்டார். வாக்கியத்தைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று, தெருத்தெருவாகத் தான் ஆற்றிவைத்த வீடுகளுக்கெல்லாம் ஓடினார். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், சம்பூர்ணத்துக்காக உண்மையாகவே கண் கலங்கினார்கள், வாயை மட்டும் திறக்கவில்லை. "புள்ளகுட்டிக்காரனுங் அண்ணா" என்றான் அர்ச்சுனன், கண்ணைப் பார்க்காமல். கடைசியில் நல்லசிவம் தானே மனைவி முன்னால் நின்று, வர்ற அடியை நான் எடுத்துக்கறேன், நான் எடுத்துக்கறேன், நான் எடுத்துக்கறேன் என்று தொண்டை கட்டும்வரை சொன்னார். மாரப்பன் தட்டிப் பார்த்தான். ஒரு காயம்கூட மூடவில்லை. ஒரே வீட்டுக்குள் ஒருவர் விற்று ஒருவர் வாங்கினால் அது வியாபாரமே ஆகாது, முன்பேரச் சந்தையிலேயே அதற்கு அனுமதி கிடையாது என்பதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் யார்?

ஆகஸ்ட் இருபதாம் தேதி விடிந்ததும் வந்தார்கள். உலக்கை, கயிறு, குத்தூசி, பழுக்கக் காய்ச்சிய கம்பி, கல், வெறுங்கை என்று அவரவருக்கு உரியதோடு வந்தார்கள். முன்னொரு நாள் அடிக்க வேண்டியிருந்து அடிக்காமல் டீ குடித்துவிட்டுப் போன அத்தனை பேரும் வந்தார்கள். கால்கள்தான் அவர்களை இழுத்துவந்தன. முகத்தில் கோபத்துக்குப் பதிலாகக் கூச்சம் இருந்தது. வாசலில் வரிசையாக நின்று, "நீங்க முந்துங்", "இல்லீங், நீங்க பெரியவங்க" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். மாரப்பன் இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்தான். அவன் தூக்காத மூட்டை இல்லை, ஆனால் தேதி வந்துவிட்ட கைகளை அவனால் தூக்கி எறிய முடியவில்லை, கதவோடு சேர்த்து அவனையும் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

நல்லசிவம் மனைவியைத் தரையில் படுக்கவைத்து அவர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். "என்ன அடிங்கடா! நான்தான் பண்ணுனேன், என்ன அடிங்க!" என்று கத்தினார். உலக்கை இறங்கியது. அவருடைய முதுகுக்கு ஒரு விரல் மேலே வந்து நின்றது, நாய் மோப்பம் பிடிப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது, பிறகு அவருடைய கக்கத்துக்கு அடியில் வழுக்கிப் போய்ச் சம்பூர்ணத்தின் விலாவில் அர்ச்சுனனுக்கு வரவேண்டிய இடத்தில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தத்தை நல்லசிவம் தன் நெஞ்சில் கேட்டார். கயிறு அவருடைய கைகளுக்கிடையில் பாம்புபோல ஊர்ந்து போய்க் கழுத்தைத் தேடி இறுக்கியது. குத்தூசி அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து தொடையில் ஏறியது. காய்ச்சிய கம்பி அவர் வேட்டியில் ஒரு நூலைக்கூடக் கருக்காமல் அடியில் போனது, கருகும் வாசம் மட்டும் அவருக்கும் வந்தது. அவர் கம்பியைக் கையால் பிடித்தார், அது குளிர்ந்திருந்தது. கல்லைத் தலையால் தடுத்தார், அது பஞ்சுபோல உருண்டு போனது. அவர் மேல் ஓர் அடி விழவில்லை, ஒரு கீறல் இல்லை, ஊரே சேர்ந்து அடித்தும் அந்த மனுஷனுக்கு நகம்கூடப் பெயரவில்லை. அடித்தவர்கள் ஒவ்வொருவராக, "மன்னிச்சுருங் அம்மிணி" என்று சொல்லி, கை உதறி, கிணற்றடியில் முகம் கழுவி, அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

சம்பூர்ணம் முதலில் சாமி பெயர்களைச் சொல்லி அலறினார், பிறகு அம்மா என்று அலறினார், பிறகு அலறல் மட்டும் இருந்தது. குரல் முழுக்கப் போன பிறகு, அடுத்தவன் உள்ளே வருவதற்கு நடுவில் கிடைத்த ஓர் இடைவெளியில், புருஷனின் காதுக்குப் பக்கத்தில் வாய் வைத்துச் சொன்னார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங். உங்களால காத்து வரமாட்டீங்குது."

நல்லசிவம் தள்ளிப் படுத்தார். அதற்கப்புறம் மிச்சம் இருந்ததையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

மறுநாள் காயங்கள் உலர்ந்தன, அது வழக்கம்தான். ஆஸ்பத்திரியில் விலாவுக்கும் தொடைக்கும் கட்டுப்போட்டு, ஆறு வாரத்தில் தேறிவிடுவார் என்று டாக்டர் சொன்னார். ஊரிலிருந்து தூக்குப்போசிகளில் ரசமும் கஞ்சியும் வந்துகொண்டே இருந்தன. உயிர் பிழைத்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் நல்லசிவத்துக்குத் தலைகால் புரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதாவது நல்ல வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்று தேடினார். அவருக்குத் தெரிந்த நல்ல வார்த்தை ஒன்றுதான் இருந்தது.

"சம்பூர்ணம், நேத்தோட எல்லா மஞ்சளும் கைமாறிருச்சு. ரெண்டு வெலையும் சொல்லி வெச்சாப்புல ஒண்ணா வந்து நின்னுச்சு. நமக்கு ஒரு ரூவா நட்டமில்ல."

சம்பூர்ணம் அவர் பிடித்திருந்த கையை மெதுவாக உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலை நல்லசிவம் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். பிளேடு வலது கன்னத்தில் இருந்தது. இடது கன்னம், காதோரத்திலிருந்து தாடை வரைக்கும், நிதானமாகத் திறந்தது. சோப்பு நுரை சிவந்தது. வலி இல்லை. பல்லின் வரிசை வெளியிலிருந்தே தெரிந்தது, காற்று அதன் வழியாகப் போய்வந்தது. அவர் துண்டால் கன்னத்தை அமுக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

சம்பூர்ணம் அரிவாள்மனையில் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார். புருஷனின் முகத்தைப் பார்த்தார். பிறகு, தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாமானைப் பார்ப்பதுபோலத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஊரில் அதுவரை அடிக்கப்போகிறவனுக்கே அடிக்கிற நாள் காலையில்தான் தெரியவந்தது. சம்பூர்ணத்துக்கு இப்போதே தெரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்து நல்லசிவத்துக்கும் தெரிந்துவிட்டது.

"மாரப்பனக் கூப்புடட்டுமா?" என்று கேட்டார், துண்டுக்குள்ளிருந்து வார்த்தை ஈரமாக வந்தது.

"வேண்டாங்."

"யாரையாச்சும் எடுத்துக்கச் சொல்லி..."

"யாரும் எடுத்துக்க வேண்டாம். இது என்னோடது. ஊருல எல்லாத்தோடதும் வாங்கியாச்சு, கொடுக்கறதுக்கு எனக்குன்னு இது ஒண்ணுதான் இருக்குது." சம்பூர்ணம் பூசணித் துண்டுகளைச் சட்டியில் போட்டார். "இதையுந் தட்டி முடிச்சுட்டீங்கன்னா நான் இந்த ஊட்டுல இருக்கமாட்டனுங்."

நல்லசிவம் வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல், வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பழகியதையே கேட்டார்.

"எந்த மாசம், சம்பூர்ணம்?"

"மாசமெல்லாம் நீங்க வெக்கறது. இதுக்கு நான் தேதி வெக்கல."

அவர் மாரப்பனைக் கூப்பிடவில்லை. கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போனார், வந்தார். மத்தியானம் இலை முன் உட்காரும்போது துண்டை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தார், மூடிக்கொண்டு சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை. சம்பூர்ணம் கரண்டியோடு குனிந்து, அந்தக் கன்னத்துக்கு அருகில் கையைக் கொண்டுவந்து, சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டார். ஒவ்வொரு முறை அந்தக் கை வரும்போதும் நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.